மனாகீஷ் வீட்டில் சுட: ஓவனா, தோசைக்கல்லா?

லெபனானில் காலை நேரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் மனாகீஷ் வாசனை வரும். ரொட்டி மாவின் மேல் ஸாத்தர் என்ற மூலிகைப் பொடியையும் ஆலிவ் எண்ணெயையும் குழைத்துத் தடவிச் சுட்டு, தக்காளி, வெள்ளரி, புதினா வைத்துச் சுடச்சுட மடித்துச் சாப்பிடுவார்கள். 2023-இல் யுனெஸ்கோ இதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அங்கேயே இதைச் சுட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஃபுர்ன், அதாவது அக்கம்பக்கத்து ரொட்டிக்கடையின் பெரிய அடுப்பு. வீட்டிலேயே ஸாத்தர் கலந்து கிண்ணத்தில் எடுத்துப்போய் அங்கே சுட்டு வாங்கி வருவதும் பழைய வழக்கம். இன்னொன்று சாஜ். கவிழ்த்த வாணலி மாதிரிக் குவிந்த இரும்புத் தகடு அது. நம் வீட்டில் ஃபுர்னுக்குப் பதில் ஓவன், சாஜுக்குப் பதில் இரும்புத் தோசைக்கல்.

மாவு இரண்டுக்கும் ஒன்றே போதும். 500 கிராம் மைதா, 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். பத்து நிமிடம் பிசைந்து, இரு மடங்காக உப்பும்வரை மூடி வையுங்கள். ஆறு ரொட்டி வரும்.

சீஸ் மனாகீஷ் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓவன்தான். மேலிருந்தும் சூடு விழுந்தால்தான் சீஸ் ஒரே சீராக உருகி அங்கங்கே பொன்னிறமாகும். லெபனானில் போடுவது அக்காவி சீஸ். உப்பு அதிகம் என்பதால் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுத்தான் போடுவார்கள். அது கிடைக்காவிட்டால் மொஸரெல்லாவோடு கொஞ்சம் ஃபெட்டா சேருங்கள். பன்னீர் உருகாது, அதனால் வேண்டாம்.

ஓவனின் பலவீனம் சூடு போதாமை. ரொட்டிக்கடை அடுப்பின் வெப்பம் வீட்டு ஓவனில் வராது. 180 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால் ரொட்டி வறண்டுபோகும், ஸாத்தரும் கசக்கும். கனமான தட்டைக் கவிழ்த்து உள்ளே வைத்து, ஓவன் எட்டும் அதிகபட்சச் சூட்டில் அரை மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் ரொட்டியைப் போடுங்கள். 250 டிகிரியில் ஆறேழு நிமிடம் போதும். போடுமுன் மாவின் நடுவே விரல் நுனிகளால் அழுத்திக் குழி விடுங்கள். எண்ணெய் வழிந்து ஓடாமல் அந்தக் குழிகளில் தேங்கும், நடுப்பகுதியும் பூரியாக எழும்பாது.

ஆனால் ஸாத்தருக்கு என் ஓட்டு தோசைக்கல்லுக்குத்தான். ஸாத்தர் என்பது காய்ந்த காட்டு மூலிகை இலை, சுமாக் என்ற புளிப்பான பழப்பொடி, வறுத்த எள், உப்பு சேர்ந்த கலவை. அதை வேகவைக்க வேண்டியதே இல்லை, சூடு ஏறினால் போதும். கல்லில் சூடு அடியிலிருந்து மட்டும் வருவதால் இலை கருகாது, சுமாக்கின் புளிப்பும் அப்படியே நிற்கும். ஆனால் மாவு மெல்லிசாக இருக்கவேண்டும், 3 மில்லிமீட்டர் போல. ஓவனுக்குத் தேய்க்கும் கனத்தில் போட்டால் அடி தீய்ந்து மேல் பச்சையாக நிற்கும். கல் நன்றாகக் காய்ந்ததும் மாவைப் போட்டு, சின்னக் குமிழ்கள் எழும்போது ஸாத்தர் கலவையைத் தடவி, தீயைக் குறைத்து மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். திருப்பக்கூடாது. மூடியும் வேண்டாம், ஆவி இறங்கி ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஸாத்தர் எவ்வளவோ எண்ணெயும் ஏறக்குறைய அவ்வளவு. கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும் பதம் சரி.

அப்புறம், பச்சைக் கொத்துக்கறி வைத்துச் சுடும் லஹம் பி அஜீன். இதைக் கல்லில் செய்யவே வேண்டாம், கறி வேகுமுன் ரொட்டி கருகிவிடும். ஓவனிலும் கறியை மிக மெல்லிசாகப் பரப்புங்கள். அதோடு சேர்க்கும் வெங்காயம், தக்காளியைப் பொடியாக நறுக்கி நீரை இறுக்கிப் பிழிந்துவிட்டுக் கலந்தால் மாவு நமுக்காது.