பறக்கும் ரயிலின் நிழலில் ஒரு காலை நடை

சென்னையில், சேப்பாக்கத்திலிருந்து திருமயிலை வரை, தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் பாதையை ஒட்டி ஒரு சிறு குழு நடத்தும் ஞாயிற்றுக்கிழமை நடையில் அண்மையில் கலந்துகொண்டேன். 1995-இல் சேப்பாக்கம் வரையிலும் 1997-இல் திருமயிலை வரையிலும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டிருப்பதையும், ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் சென்ற நீர்வழி அதனால் எவ்வாறு குறுகியது என்பதையும் வழிகாட்டி கால்வாய்க் கரையிலேயே நிறுத்தி விளக்கியது இந்த நடையின் மிகச் சிறந்த பகுதி. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது என்பது வேறு. திருவல்லிக்கேணி நிலையத்தின் அகன்ற கூடம், எதிர்பார்த்த கூட்டம் வராத கல்யாண மண்டபத்தைப் போலத் தோன்றியது. கலங்கரை விளக்கம் நிலையத்தை விரைவாகக் கடந்துவிட்டோம். 2014-இல்தான் திறக்கப்பட்ட முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்துக்கு இன்னும் சற்று நேரம் ஒதுக்கியிருக்கலாம். திருமயிலையில் மெட்ரோ பணிக்கான தடுப்புகளுக்கு இடையே, பறக்கும் ரயிலும் சுரங்க ரயிலும் சந்திக்கப்போகும் இடத்தைக் காட்டி, பழைய தெரு எங்கே திரும்பியது என்று வழிகாட்டி நினைவிலிருந்தே சொன்னார். கட்டணம் நியாயமானதே. ஆனால், வழியில் கழிப்பறை வசதியைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்காதது முதியவர்களைச் சிரமப்படுத்தியது. வெயில் ஏறுமுன் முடியும் மார்கழி, தை மாதங்களில் செல்வது நல்லது.