கள்ளுக்கு மணி பார்க்க வேண்டும்: கோவளத்தில் அலை, சிப்பி, மரச்சீனி

கோவளம் என்றதும் சென்னைக்காரர்கள் மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் ஊரை நினைத்துக்கொள்வார்கள். நான் எழுதுவது திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞத்தை ஒட்டியிருக்கும் கோவளத்தைப் பற்றி. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளையிலிருந்து பூவாறு வழியாக பஸ்ஸில் போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதாலேயே எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அங்கே ஓர் இரவுகூடத் தங்கியிருக்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் நர்ஸாக இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் வந்தால் மார்கரெட் ரிவர் புராணம் தொடங்கிவிடும். பெர்த்திலிருந்து தெற்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். காலையில் இந்தியப் பெருங்கடலில் அலைச்சறுக்கு, மதியம் திராட்சைத் தோட்டத்தில் ஒயினும் சாப்பாடும். 1967இல் அங்கே முதல் வணிகத் தோட்டத்தைப் போட்டவர் டாம் கல்லிட்டி என்னும் இதய மருத்துவராம். பழம் தின்ன வந்த குருவிகளை விரட்ட வல்லூறு ஒன்றைப் பழக்கிப் பறக்கவிட்டிருக்கிறார். அது அப்படியே பறந்து போய்விட்டது, திரும்பவே இல்லை. இன்றைக்கும் வாஸ் ஃபீலிக்ஸ் என்ற அந்த ஒயின் ஆலையின் சின்னம் வல்லூறுதான். ஓடிப்போன பறவையைப் பாட்டிலில் ஒட்டி விற்கும் சாமர்த்தியத்தை நான் மெச்சத்தான் செய்கிறேன். ஆனால் கடைசியில் அவள், "நம் பக்கத்தில் இதுபோல ஒன்றும் இல்லையே அம்மா" என்றாள். பனையேறியின் மகளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

என் அப்பா விளவங்கோடு பக்கத்தில் பனை ஏறினார். 1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் கள் தடைசெய்யப்பட்ட பிறகு, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அது அக்கானி (பதநீர்), தொழில். தடவாமல் கட்டினால் அது கள், வழக்கு. சில கிலோமீட்டர் மேற்கே, கேரளத்துக்குள் போனால் கள்ளுக்கடைக்கு அரசே உரிமம் கொடுக்கிறது. மரத்துக்கு எல்லை தெரியாது, போலீசுக்குத் தெரியும். ஆகவே நான், மகள், மைனி மூன்று பேருமாகக் கிளம்பினோம். மைனி கிறிஸ்மஸ் கேக்கில் ஒயின் வாசம் வந்தால்கூடத் தட்டைத் தள்ளிவைப்பவள். மீனுக்காக வந்தாள்.

தங்கிய விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடல் பார்த்த அறை என்றார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மட்டைக்கும் நடுவே கடல் தெரிந்தது. தலையணையில் ஈர வாடை. புட்டும் கடலையும் நன்றாக இருந்தன. சொல்ல வேண்டியது அவர்கள் நீட்டிய ஒரு நாள் திட்டத்தைப் பற்றித்தான்: பத்தரை மணிவரை காலைச் சாப்பாடு, பதினொரு மணிக்கு அலைச்சறுக்குப் பாடம், மாலை ஏழு மணிக்கு ‘கள்ளுக்கடை அனுபவம்’, அதாவது விடுதி மாடியில் மூங்கில் தட்டி கட்டி, மண் கலயத்தில் ஊற்றிக் கொடுப்பது. ஒருவருக்கு 4,500 ரூபாய். எழுதியவர் ஒரு தடவையாவது காலையில் கடலைப் பார்த்திருப்பாரா, மரத்தடியில் நின்று கள் குடித்திருப்பாரா என்று சந்தேகம் வந்தது. ஒயினுக்கு எந்த வருடத்தது என்று கேட்பார்கள். கள்ளுக்கு எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேட்க வேண்டும். அலையும் அப்படித்தான். திட்டத்தை மேசையிலேயே வைத்துவிட்டு எல்லாவற்றையும் நாங்களே பேசி ஏற்பாடு செய்துகொண்டோம்.

அலைச்சறுக்குக்கு ஆறரை மணிக்கே கலங்கரை விளக்கக் கடற்கரைக்குப் போய்விட்டோம். குன்றின்மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு நிற்கிற விளக்கு அது. 1972இல் எழுப்பினார்கள். இந்த மேற்குக் கரையில் விடிகாலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். எதிர்க்காற்றில் அலையின் முகம் நிமிர்ந்து, வழவழவென்று எழும்பி, ஒழுங்காக உடையும். வெயில் ஏற ஏறக் காற்று திரும்பிவிடும். பதினொரு மணிக்குக் கடல் பூராவும் நொறுங்கல். புதிதாகக் கற்றுக்கொள்பவர் உப்புத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான் அது உதவும்.

பாடம் சொல்லிக்கொடுத்தவர் மீன்பிடிக் குடும்பத்துப் பையன். மகளுக்கும் எனக்கும் தலா 1,500 ரூபாய், ஒன்றரை மணி நேரம். எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். "சேச்சி படுத்தே வரலாம், எழுந்திருக்க வேண்டாம்" என்று சொல்லி, கனமான நுரைப் பலகை ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டான். முதலில் மணலில் பயிற்சி: குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து பக்கவாட்டில் நிற்க வேண்டும். முட்டி போடக் கூடாது. முட்டி போட்டுப் பழகியவன் கடைசிவரை முட்டியிலேயே நிற்பான் என்றான். பிறகு கணுக்காலில் கயிறு கட்டி, இடுப்பளவு தண்ணீரில், உடைந்து வரும் வெள்ளை நுரையில் தள்ளிவிட்டான். படுத்தபடியே கரை வரைக்கும் வந்தேன். ஐம்பத்தாறு வயதில் அது போதும், நிறையவே போதும். மகள் எழுந்து நின்றாள், விழுந்தாள், நின்றாள். மைனி கரையில் குடையின் கீழ் உட்கார்ந்து இரண்டு பேருக்காகவும் ஜெபித்தாள்.

இந்தப் பையனிடம் எனக்குப் பிடித்தது, தண்ணீரில் இறங்குமுன் அவன் செய்த வேலை. கைபேசியில், கடல் நிலவரம் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை எச்சரிக்கையைப் பார்த்தான். பிறகு உயிர்காப்பாளரிடம் போய், எந்த இடத்தில் தண்ணீர் வெளியே இழுக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தான். சிவப்புக் கொடிப் பக்கம் போக விடவே இல்லை. தென்சமுத்திரத்துப் புயல்களில் பிறக்கிற நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம் கரைக்கு வருகின்றன. மார்கரெட் ரிவருக்கும் அங்கிருந்துதான் அலை என்று மகள் சொன்னாள். இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் அந்த அலை திடீரென்று பொங்கினால் கள்ளக்கடல் என்கிறார்கள். பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரையில் வரும். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, எச்சரிக்கையைப் பார்க்காமல் பலகையைத் தூக்குகிற பயிற்சியாளர் யாராக இருந்தாலும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்பேன். நாங்கள் போனது மார்கழிக் கடைசி. அலை இடுப்புக்குமேல் எழும்பவில்லை. ஆனி, ஆடியில் போகாதீர்கள்.

குறை ஒன்று உண்டு. குளித்து உடை மாற்ற இடம், தகரம் அடித்த ஒரு கூண்டு, தாழ்ப்பாள் கிடையாது. மகள் வாசலில் காவல் நிற்க வேண்டியிருந்தது. இந்தக் கோவளத்து அலையில் பழகி வளர்ந்த ரமேஷ் புதிஹால் 2025இல் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அப்படிப்பட்ட கடற்கரையில் பெண்களுக்கு ஒரு தாழ்ப்பாள் போட முடியாதா?

இனிக் கள்ளுக்கடை. பெயர் எழுத வேண்டியதில்லை. கேரளத்தில் கள்ளுக்கடைக்குப் பலகையில் எண்தான் பெரிதாக இருக்கும். கோவளத்திலிருந்து உள்ளே, தென்னந்தோப்புக்குள் ஆட்டோவில் போக வேண்டும். ஓட்டுநரிடம் ‘குடும்ப அறை உள்ள ஷாப்பு’ என்று சொன்னால் போதும். தனித்தனியாகத் தட்டி அடித்த சிறு அறைகள், சிமென்ட் மேசை, மின்விசிறி. பதினொன்றரைக்குள் போய்விட்டோம். இருபத்து மூன்று வயது ஆகாதவர்களுக்கு விற்பதில்லை என்ற பலகையைக் காட்டி மகளின் வயதைக் கேட்டார் கடைக்காரர். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"உள்ளூரா, சித்தூரா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல கடைகளுக்கும் கள் வண்டியில் போகிறது. திருவனந்தபுரம் வரை முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் அது பொங்கிக்கொண்டே, புளித்துக்கொண்டே வரும். "ரெண்டும் உண்டு சேச்சி. உள்ளூர் கொஞ்சந்தான், காலையில் இறக்கியது" என்றார். இரண்டையும் ஒவ்வொரு பாட்டில் வாங்கினோம்.

உள்ளூர்க் கள் அரிசி கழுவிய தண்ணீரின் நிறம். ஊற்றும்போது நுரை எழுந்து, மெதுவாக அடங்கியது. அடியில் மெல்லிய வண்டல். முதல் வாயில் இளநீர் இனிப்பு, விழுங்கிய பிறகு லேசான புளிப்பு, மூக்கில் ஒரு சுள்ளென்ற காற்று. பாளையை எலும்பால் தட்டி, நுனியைத் தினமும் மெல்லியதாகச் சீவி, சொட்டுச் சொட்டாகப் பானையில் பிடிக்கிறார்கள். சொட்டு பானையில் விழுந்த கணத்திலிருந்தே புளிப்பு தொடங்கிவிடுகிறது. யாரும் ஈஸ்ட் போட வேண்டாம், காற்றிலும் பானையிலும் இருப்பதே போதும். சித்தூர்க் கள் வேறு ரகம்: இனிப்பு போய்விட்டது, புளிப்பும் வீரியமும் ஏறியிருந்தது. தென்னங்கள்ளில் ஆல்கஹால் ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்பது கேரள விதி. சட்டத்துக்குள் இருந்திருக்கும், ஆனால் என் நாக்குக்கு ஒத்துவரவில்லை. அதை மாலை வரைக்கும் வைத்திருந்து மாடியில் மண் கலயத்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மறுநாளுக்கு அது ஊறுகாய் போடக் காடியாக உதவும். குடித்த பிறகும் நாக்கில் இனிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் சாக்கரின் கலந்திருக்கிறது என்று அப்பா சொல்வார். இங்கே அப்படி ஒட்டவில்லை.

பனங்கள் இருந்ததா என்றால், இல்லை. அதன் மணத்துக்கு முன்னால் தென்னங்கள் நிற்காது என்பது என் கட்சி. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அதை நிரூபிக்க வழியில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துப் போட்டுக் கிளறி, சூடாகக் கொண்டுவந்தார்கள். 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பரப்பிய கிழங்கு இது. அரிசி இல்லாத காலத்தில் இந்தக் கரை முழுவதையும் உயிரோடு வைத்தது. கூடவே குடம்புளி போட்ட நெய்மீன் தலைக்கறி. காரம் காதுவரை ஏறியது. கள்ளை ஒரு மிடறு குடித்தால் இறங்கியது. மைனிக்கு அந்த வசதி இல்லாததால் மோர் கேட்டாள். கடையில் மோர் இல்லை. ஓர் ஆளை அனுப்பிப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.

சிப்பிதான் அன்றைய ராஜா. விழிஞம் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் பழுப்பு ஓட்டுச் சிப்பி. எங்கள் குளச்சல், முட்டம் பக்கத்திலும் இதே இனம்தான்; வடக்கே மலபாரில் கிடைப்பது பச்சை ஓட்டுச் சிப்பி. மிளகும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் போட்டு, தேங்காய் எண்ணெயில் சுருள வறுத்திருந்தார்கள். ரப்பர் ஆகாமல், நசநசக்காமல், பல் பட்டதும் விட்டுக்கொடுத்தது. நான் வாழ்நாள் முழுக்கச் சிப்பி சாப்பிட்டவள், அதனால் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட மாட்டேன்: என் அடுப்பில் இவ்வளவு நன்றாக வருவதில்லை. மகள் மார்கரெட் ரிவரின் மாரன் என்னும் நன்னீர் இறாலைப் பற்றி ஆரம்பித்தாள். இரண்டாவது தட்டு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

சாளைப் பொரியல் மட்டும் சரியில்லை. குடலை ஒழுங்காக எடுக்கவில்லை, கசந்தது. சொன்னோம், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார், பில்லிலும் சேர்க்கவில்லை. மூன்று பேருக்குக் கள்ளோடு சேர்த்து 1,340 ரூபாய். விடுதித் திட்டத்தில் ஒரு தலைக்கு என்ன கேட்டார்கள் என்பதை மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். அலையை முடித்துவிட்டுத்தான் கள். கள்ளுக்குப் பிறகு கடல் கிடையாது, எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும். ஞாயிற்றுக்கிழமை குடும்ப அறை கிடைக்காது என்றார் கடைக்காரர்.

கிளம்பும்போது மைனி என்னைத் தனியே இழுத்து, அரை பாட்டில் கள் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "குடிக்கவா கேட்கிறேன்? ஆப்ப மாவுக்கு" என்றாள். அதில் நியாயம் இருக்கிறது. கள் ஊற்றிப் புளிக்கவைத்த ஆப்பத்தை ஈஸ்ட் ஆப்பம் நெருங்காது. ஆனால் களியக்காவிளை தாண்டும்போது பையைத் திறக்கச் சொன்னால் ஆப்ப மாவு என்ற பதிலைப் போலீஸ் ஏற்றுக்கொள்ளாது. கடைக்காரர் சிரித்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் அங்கேயே கள்ளாப்பம் சுடுவார்கள், கோழிக்கறியோடு தருவார்கள் என்றார். அன்று எங்களுக்கு நேரம் இல்லை. போகிறவர்கள் அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.