நிமிர்ந்து நிற்பதா, விழாமல் நடப்பதா: சீகோங்கும் தாய்ச்சியும்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காலை ஆறரை மணிக்கு இரண்டு கூட்டங்கள் கூடும். தூண்களுக்கு இந்தப் பக்கம் சீன மூதாட்டிகள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்ற இடத்திலேயே நின்று, வானத்தைத் தாங்குவதுபோல் கைகளை உயர்த்தி இறக்குவார்கள். அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை அணிந்த ஆறேழு பேர், இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர்களைப்போல் நகர்ந்துகொண்டிருப்பார்கள். முன்னது சீகோங், பின்னது தாய்ச்சி என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சிங்கப்பூர் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின. வேலைக்கு ஓடும் அவசரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

ஐம்பத்தாறாவது வயதில் எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தேன். படி இல்லை. வலது கணுக்கால் பிசகி மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். இயன்முறைச் சிகிச்சையாளர் என்னைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் படம் எடுத்துக் காட்டினார். தோளைவிட நாலு விரல் முன்னால் தலை போய்க்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுக் கணினி வேலையின் பலன். பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பிசகிய காலை விடுங்கள், நன்றாக இருந்த இடது காலே ஆறு விநாடிக்கு மேல் தாங்கவில்லை. “கூன் ஒரு கணக்கு, தடுமாற்றம் வேறு கணக்கு. ஒன்றைச் சரி செய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை. முதல் ஆண்டு சீகோங், அதன்பின் மூன்று ஆண்டுகள் இரண்டும் எனச் செய்துவருகிறேன். எதில் சேரலாம் என்று கேட்கும் நண்பர்களிடம் ‘இரண்டும் நல்லதுதான்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

வம்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்ச்சி பிறப்பால் சண்டைக் கலை. ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தின் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றதாகக் கருதப்படுவது. அங்கே கற்ற யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ அதை விரிந்த, மெதுவான அசைவுகளாக்கிப் பரப்பினார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதைச் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட வரிசையாக வகுத்தது. உலகெங்கும் பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான்.

சீகோங் ஒரு தனிக் கலை அன்று, ஒரு குடைப் பெயர். மூச்சையும் அசைவையும் கவனத்தையும் இணைக்கும் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பொதுவானது 1950களில்தான். பயிற்சிகளோ மிகப் பழையவை. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துவெய் கல்லறையில் 1973இல் கிடைத்த பட்டுத் துணியில் 44 உருவங்கள் கையை நீட்டியும் முதுகை வளைத்தும் நிற்கின்றன. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். குடைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் ஒப்பிட முடியாது என்பதால், சீகோங் என்று நான் இங்கே சொல்வது இரண்டைத்தான்: ‘எட்டுப் பட்டுத் துண்டுகள்’ எனப்படும் பாதுவான்சின் வரிசையும், மரம்போல் நிற்கும் சான்சுவாங்கும்.

தமிழ் நண்பர்களிடம் இதைப் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் காஞ்சிபுரத்துப் போதிதருமர் வந்துவிடுவார். அவர் பெயரில் வழங்கும் ‘தசைநார் மாற்றும் நூல்’ சீகோங் மரபில் முக்கியமானதுதான். ஆனால் அது அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய, 17ஆம் நூற்றாண்டு நூல் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. பெருமைப்பட வேறு விஷயங்கள் நமக்கு இருக்கின்றன.

முதலில் நிமிர்வு. சான்சுவாங்கில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பெரிய மரத்தை அணைப்பதுபோல் கைகளை வளைத்து நிற்க வேண்டும். உச்சந்தலையை யாரோ நூல் கட்டி மேலே தூக்குவதாகவும், வால் எலும்பில் ஓர் எடை தொங்குவதாகவும் நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். முதல் நாள் மூன்று நிமிடம் நிற்பதற்குள் தொடை நடுங்கியது, தோள் காதுவரை ஏறியது. எங்கள் ஆசிரியை பின்னால் வந்து ஒரு விரலால் தோளைத் தொட்டு “ஃபாங் சோங்” என்பார். தளர விடு என்று பொருள். ஒரு வகுப்பில் அந்தச் சொல்லை நாற்பது முறையாவது கேட்டிருப்பேன்.

சும்மா நிற்பதால் கூன் எப்படிக் குறையும்? நெஞ்சை நிமிர்த்து என்று யாராவது சொன்னால் விறைத்துக்கொண்டு அரை நிமிடம் நிற்போம். கவனம் போனதும் பழையபடி சரிந்துவிடுவோம். பத்து நிமிடம் விறைப்பாக நிற்க யாராலும் முடியாது. வலிக்கும். வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு வலிக்காத இடத்தை உடம்பு தானே தேடுகிறது. எலும்பின் மேல் எலும்பு சரியாக உட்கார்ந்தால்தான் தசைக்கு வேலை குறையும் என்பதை அது நாட்கணக்கில் கண்டுபிடிக்கிறது. தாடை சற்று உள்ளே வந்தால் பிடரியின் வலி குறைகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆறாவது வாரத்தில் ஒரு நாள் அது நடந்தது, அவ்வளவுதான்.

எட்டுத் துண்டுகளில் முதல் நான்கும் ஏறக்குறைய முதுகுக்கென்றே செய்தவைபோல் இருக்கின்றன. இரு கைகளால் வானைத் தாங்குவது மேல்முதுகை நீட்டுகிறது. வில்லை இழுப்பது, விசைப்பலகையின் மேல் குவிந்தே கிடந்த நெஞ்சை இரு பக்கமும் திறக்கிறது. ஒரு கையை வானுக்கும் மறு கையைத் தரைக்கும் தள்ளுவது விலாவுக்கு. நான்காவதில் கைகளை வெளிப்புறமாகத் திருகியபடி பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யலாம். முழு வரிசைக்கும் பன்னிரண்டு நிமிடம் போதும். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். இரண்டு வகுப்புகளில் வரிசை மனப்பாடமாகிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த எட்டிலும் பாதம் பெரும்பாலும் தரையில் ஊன்றியே இருக்கிறது. கடைசித் துண்டில் ஏழு முறை குதிகாலைத் தூக்கி இறக்குகிறோம், அதுவும் இரண்டு கால்களிலும் சேர்த்து. ஓர் ஆண்டு சீகோங்குக்குப் பிறகு என் பக்கவாட்டுப் படம் மாறியிருந்தது, சட்டையின் பின்கழுத்து தூக்கிக்கொண்டு நிற்பது நின்றது. ஒற்றைக் கால் கணக்கோ ஆறு விநாடியிலிருந்து ஒன்பதுக்குத்தான் போயிருந்தது. இயன்முறைச் சிகிச்சையாளர் சொன்னது சரி.

மனிதர்கள் சும்மா நிற்கும்போது விழுவது குறைவு. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடை போகும் அந்த அரை விநாடியில்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். படி இறங்கும்போது, திரும்பும்போது, குளியலறை விளிம்பைத் தாண்டும்போது. தாய்ச்சி அந்த அரை விநாடியைப் பிடித்து ஐந்து விநாடியாக நீட்டுகிறது. அதன் முழு ரகசியமும் இதுதான் என்பது என் கட்சி.

வகுப்பில் முதலில் பூனை நடை கற்றுத்தருவார்கள். எடை முழுவதும் இடது காலில். வலது கால் வெற்றுக் கால். அதை முன்னால் வைக்கும்போது, குதிகாலின் கீழ் கண்ணாடிக் குவளை இருந்தாலும் உடையக் கூடாது. நினைத்தால் காலைத் திரும்ப எடுத்துவிட முடிய வேண்டும். வைத்த பிறகே குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் எடை மெல்ல மாறும். நிறை, வெறுமை என்று இதற்குப் பெயர். நாம் அன்றாடம் நடப்பதோ முன்னால் விழுந்து, விழுவதற்குள் காலை வைத்துப் பிடித்துக்கொள்வதுதான். நான் இல்லாத படியில் காலை வைத்தபோது எடையும் காலோடு போயிருந்தது, திரும்ப எடுக்க வழியில்லை.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கண், உட்செவி, பாதம்-கணுக்கால் உணர்வு ஆகிய மூன்றிலிருந்தும் வரும் செய்தியை வைத்துத்தான் மூளை நம்மை நிறுத்துகிறது. வயதானால் பாதத்தின் செய்தி மங்கும், கண்ணை நம்பத் தொடங்குவோம், இருட்டில் தடுமாறுவோம். தாய்ச்சியில் பார்வை கையைத் தொடர்ந்து சுழல்கிறது. குனிந்து காலைப் பார்க்க ஆசிரியர் விடுவதில்லை. பாதம் தன் வேலையைத் தானே செய்தாக வேண்டும்.

ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் விழும் ஆபத்துள்ள 670 முதியவர்களை மூன்றாகப் பிரித்து 24 வாரம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. தாய்ச்சி செய்தவர்கள், தசை நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடும், பல வகை உடற்பயிற்சி செய்தவர்களைவிட 31 விழுக்காடும் குறைவாக விழுந்தார்கள். சீகோங்குக்கு இந்த அளவிலான, விழுதலை எண்ணிப் பார்த்த ஆய்வை நான் பார்த்ததில்லை. நிமிர்வுக்கு அதைப் பரிந்துரைப்பது என் கண்ணாடி சொன்னதை வைத்துத்தான்.

அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது அட்லாண்டாவில் 200 பேரை வைத்து நடத்திய, 1996இல் வெளியான பழைய ஆய்வு. ஒரு குழு பதினைந்து வாரம் தாய்ச்சி செய்தது. இன்னொரு குழு கணினி பொருத்திய ஆடும் மேடையில் நின்று சமநிலை பழகியது. மேடைக் குழு மேடையில் ஆடாமல் நின்றது, ஆனால் விழுவது குறையவில்லை. தாய்ச்சிக் குழுவின் ஆட்டம் அளவுகோலில் குறையவே இல்லை, ஆனால் அவர்கள் திரும்பத் திரும்ப விழும் வாய்ப்பு 47.5 விழுக்காடு குறைந்தது. விழுவோமோ என்ற பயமும் குறைந்தது. ஆடாமல் நிற்பதும் விழாமல் இருப்பதும் ஒன்றில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

தாய்ச்சி விளம்பரங்களில் வராத ஒரு தகவலையும் சொல்ல வேண்டும். அட்லாண்டாக்காரர்கள் கற்றுக்கொடுத்தது 108 அசைவுகள் கொண்ட நீண்ட வரிசையை அன்று, அதிலிருந்து வடித்தெடுத்த 10 அசைவுகளை. ஆரகன்காரர்கள் எடுத்துக்கொண்டது 24இல் 8. அந்த எட்டையும் முதியவர்களுக்காக மாற்றி, பிரித்து, திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். சில அசைவுகளை எடுத்து ஒன்றையே பத்து முறை செய்வது எந்த வழக்கம்? சீகோங் வழக்கம்! முழு வரிசையையும் ஆற்றொழுக்காகச் செய்தால்தான் தாய்ச்சி என்று அடம்பிடிக்கும் ஆசிரியர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ரசிக்கவில்லை.

என்னைக் கேட்டால் தாய்ச்சியின் பெரிய குறை அந்த வரிசைதான். காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரி, வெண்கொக்கு சிறகை விரிக்கட்டும், பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்கட்டும் என்று பெயர்கள் அழகு. ஆனால் 24ஐயும் மனத்தில் ஏற்ற எனக்கு எட்டு மாதம் ஆனது. என்னோடு சமூக மன்ற வகுப்பில் சேர்ந்த பலர் மூன்றாவது மாதம் காணாமல் போனார்கள். எந்தக் கை மேலே என்று யோசிக்கிற வரைக்கும் காலைப் பற்றிய நினைப்பே வராது. சீகோங்கில் முதல் நாளே பயிற்சி தொடங்கிவிடுகிறது.

முழங்காலும் ஒரு பிரச்சினை. ஆழமாக உட்கார்வது அழகு என்று நினைத்து நான் தாழ்ந்து நின்றேன். எடை ஏறிய பாதத்தைத் திருப்பியபோது முழங்காலின் உட்புறம் ஒரு மாதம் வலித்தது. மூட்டு வலி உள்ளவர்கள் உயர நின்று செய்யும் சுன் பாணித் தாய்ச்சியைத் தேடலாம். மூட்டுவாதக்காரர்களுக்கென்று 1997இல் வகுக்கப்பட்ட வரிசை அதிலிருந்து வந்ததுதான். மிகவும் தளர்ந்தவர்களுக்குத் தாய்ச்சி கைகொடுக்கும் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. அதே அட்லாண்டா குழுவினர் தளர்ந்த முதியவர்களிடம் 48 வாரம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், விழுதல் ஓரளவு குறைந்தாலும் அது தற்செயலன்று என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அப்படிப்பட்டவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சீகோங்கில் தொடங்குவதே பாதுகாப்பு.

“இதற்கு நம் யோகா போதாதா?” என்று அக்கா தொலைபேசியில் கேட்டார். அவர் அறுபத்தெட்டு வயதிலும் விருட்சாசனத்தில் அசையாமல் நிற்பவர். நிமிர்வுக்குத் தாராளமாகப் போதும், சீகோங்கைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் மரம் நடப்பதில்லை. ஒற்றைக் காலில் நிற்பது ஒரு திறமை, ஒற்றைக் காலுக்குப் போவதும் அங்கிருந்து திரும்புவதும் இன்னொரு திறமை. அக்காவுக்கு நான் பரிந்துரைத்தது பூனை நடை மட்டும்தான், வீட்டுக் கூடத்தில், சுவரை ஒட்டி.

ஆக, நாற்பது ஐம்பது வயதில் கழுத்தும் முதுகும் வளைந்து, நேரமும் இல்லாதவர் எட்டுத் துண்டுகளில் சேரட்டும். தாய்ச்சியை இப்போது தொட வேண்டாம், பாதியில் விட்டுவிடுவார். அறுபதைத் தாண்டி, தடுமாற்றம் தொடங்கி, ஆனால் நன்றாக நடக்க முடிகிறவர் நேராகத் தாய்ச்சிக்குப் போகலாம். சேரும் முன் ஆசிரியரிடம், சில அசைவுகளை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முகத்தைச் சுளித்தால் வேறு வகுப்பு பார்க்கலாம். சீகோங்கால் புற்றுநோயும் தீரும் என்று சொல்கிறவரிடம் எந்த வயதினரும் போக வேண்டாம்.

என் காலை இப்போது ஆறரைக்குத் தொடங்குகிறது. தூணுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு நிமிடம் மூதாட்டிகளோடு வானத்தைத் தாங்குகிறேன். பிறகு அந்தப் பக்கம் போய், வரிசை தொடங்கும் முன் தனியாகப் பூனை நடை, எட்டடி போக, எட்டடி வர. வெள்ளைச் சட்டைக்காரர்களில் மூத்தவர் என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருப்பார். வேகமாக வைத்துவிட்டால் “மான் மான்” என்பார், மெதுவாக, மெதுவாக. இடது கால் இப்போது இருபத்தாறு விநாடி நிற்கிறது.