நான்கு பக்கம் கேட்டு மூலைவிட்டம் கேட்காத ஒரு பரப்பளவுச் செயலி

மனை ஒன்றை வாங்குவதற்கு முன் அதன் அளவை நானே சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில், வடிவங்களின் பரப்பளவைக் கணக்கிட்டுத் தரும் இலவசக் கைப்பேசிச் செயலி ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப் போகும் பெரிய குறை, ஒப்பிடுவதற்காக இறக்கிப் பார்த்த வேறு இரண்டு செயலிகளிலும் அப்படியே இருந்தது.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். சதுரம், செவ்வகம், முக்கோணம், இணைகரம், சரிவகம், வட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கமும் தெளிவான படமும் உள்ளன. விடையைச் சதுர அடி, சென்ட், கிரவுண்ட், ஏர் என எந்த அலகிலும் பார்க்கலாம். சென்ட்டை 436 என்று முழுமையாக்கிவிடாமல் 435.6 சதுர அடி என்றே கணக்கிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது வட்டத்துக்கான பக்கம்தான். ஆரம், விட்டம், சுற்றளவு ஆகிய மூன்றில் எதைக் கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்கிறது. தண்ணீர் நிற்கும் கிணற்றின் நடுப்புள்ளியைத் தேடி ஆரம் அளப்பது நடவாத காரியம்; உட்சுவரைச் சுற்றி நாடா பிடிப்பது எளிது. 44 அடிச் சுற்றளவுள்ள எங்கள் ஊர்க் கிணற்றுக்கு அது ஏறத்தாழ 154 சதுர அடி என்றது. அரைச் சுற்றளவான 22 அடியை அரை விட்டமான 7 அடியால் பெருக்கும் பழைய முறையிலும் அதே விடைதான் வருகிறது.

நாற்கரப் பக்கத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நான் பார்த்த மனையின் பத்திரத்தில், கிழமேல் வடபுறம் 36 அடி, தென்புறம் 44 அடி, தென்வடல் கீழ்புறம் 58 அடி, மேல்புறம் 62 அடி, ஆக 2,400 சதுர அடி என்று எழுதியிருந்தது. அதாவது சரியாக ஒரு கிரவுண்ட். நான்கு அளவுகளையும் செயலியில் இட்டதும் அதுவும் 2,400 என்றே காட்டியது. பத்திரமும் செயலியும் ஒன்றாகச் சொன்னதால் நான் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகுதான் உறைத்தது. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து, 40 அடியை 60 அடியால் பெருக்கியே இரண்டும் அந்த விடையை அடைந்திருக்கின்றன. இந்தச் சராசரி முறை செவ்வகத்துக்கு மட்டுமே பொருந்தும். வேறு எந்த நாற்கரத்துக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். நான்கு கழிகளை மூலைகளில் கயிற்றால் கட்டிய சட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், கழிகளின் நீளம் மாறாமலே உள்ளிருக்கும் பரப்பு சுருங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே பக்க அளவுகள் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனையின் பரப்பை யாராலும் சொல்ல முடியாது. கி.பி. 628இல் எழுதிய பிரம்மகுப்தரே சராசரி முறையைத் தோராயம் என்று பிரித்து வைத்து, துல்லியமானதற்கு வேறொரு சூத்திரத்தைத் தந்திருக்கிறார். அந்தச் சூத்திரமும் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும்போது மட்டுமே சரியாக இருக்கும். அந்தப் பக்கங்களைக் கொண்டு அடையக்கூடிய அதிகபட்சப் பரப்பும் அதுதான். என் மனைக்கு அது 2,391.67 சதுர அடி. அப்படியென்றால், இந்த நான்கு பக்கங்களைக் கொண்டு எப்படி வளைத்துப் போட்டாலும் 2,400 சதுர அடி கிடைக்கவே கிடைக்காது.

மறுநாள் நாடாவுடன் சென்று தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு அளந்தேன். மூலைவிட்டம் 62 அடி. அது மனையை 44, 58, 62 என்றும் 36, 62, 62 என்றும் இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. இதே செயலியின் முக்கோணப் பக்கத்தில் மூன்று பக்கங்களைக் கொடுத்தால் போதும், பரப்பு வந்துவிடும். முதல் முக்கோணம் 1,223, இரண்டாவது 1,068, ஆக 2,291 சதுர அடி. ஐயம் தீர மற்றொரு மூலைவிட்டத்தையும் அளந்தேன். அது 80.5 அடி, அதன் வழியாகக் கணக்கிட்டால் 2,292 வந்தது. பத்திரம் சொன்னதற்கும் தரையில் இருப்பதற்கும் ஏறத்தாழ 109 சதுர அடி, அதாவது கால் சென்ட், வித்தியாசம். நில அளவைத் துறையின் புல வரைபடங்களிலும் புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும் கோடுகளைத்தான் காண்கிறோம். அதே முறை தன் கையிலேயே இருக்க, நாற்கரத்துக்கு மட்டும் ஏன் இந்தச் செயலி குறுக்குவழியைப் பிடித்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

சரிவகப் பக்கத்தில் கவனம் தேவை. ‘உயரம்’ என்று மட்டுமே கேட்கிறது; அது இணைப் பக்கங்களுக்கு இடையேயுள்ள செங்குத்துத் தூரம் என்பதை அறியாதவர் சாய்ந்த பக்கத்தின் அளவைக் கொடுத்துவிடுவார். அங்குலத்துக்குத் தனிக் கட்டம் இல்லாதது இன்னொரு குறை. 40 அடி 6 அங்குலத்தை 40.5 என்று இட வேண்டும். பழக்கத்தில் கை 40.6 என்று அடித்துவிடுகிறது.

எல்லையைச் சுற்றி நடந்தால் ஜிபிஎஸ் மூலம் பரப்பைச் சொல்லும் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று முறை நடந்தேன். 2,010, 2,740, 2,380 என மூன்று விடைகள் வந்தன. திறந்த வெளியிலேயே கைப்பேசியின் இடக்குறிப்பு சுமார் 5 மீட்டர் வரை பிசகும் என்னும்போது, 12 மீட்டர் அகலமுள்ள மனையில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஏக்கர் கணக்கில் விரியும் வயலைத் தோராயமாக அறிய அது உதவலாம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அந்த மூன்றும் வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் உரியவை. நாற்கரப் பக்கத்தில் மூலைவிட்டத்துக்கென ஐந்தாவது கட்டம் ஒன்று சேர்த்தால் போதும் என்று உருவாக்கியவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை அந்தப் பக்கத்தைத் திறக்காமல், முக்கோணப் பக்கத்தையே இரண்டு முறை பயன்படுத்துங்கள்.