அருமையான பேஸ், ஒவ்வொரு சுரத்தின் தலையிலும் ஒரு ‘டிக்’

விலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கேட்டார். நான் நீண்ட காலமாகப் புழங்கும் மென்பொருள் சின்தசைசரைப் (கம்ப்யூட்டரிலேயே இசைச் சத்தம் உருவாக்கும் கருவி) பற்றிய கேள்வி. அதன் பெயர் இங்கே வேண்டாம். சுரம் தொடங்கும்போது ‘டிக்’ என்று கேட்கும் இந்தக் கோளாறு, சத்தம் உருவாக்கும் எந்த பிளக்-இன்னிலும் (இசை மென்பொருளோடு இணைக்கும் துணை மென்பொருள்) வரக்கூடியது.

சுங்கை சிப்புட்டில் எனக்கு வரும் வேலை பெரும்பாலும் உருமி மேளப் பாட்டுகளும் கோயில் திருவிழாவுக்கான பக்திப் பாட்டுகளும்தான். உருமியின் இழுவைக்குக் கீழே கனமான ஒரு பேஸ் (அடித்தொனி) ஓட வேண்டும், இழுவை சறுக்கும் இடத்தில் அதுவும் சேர்ந்து சறுக்க வேண்டும். அந்த கிளைடு இந்த சின்த்தில் வருகிற மாதிரி வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. மேல் சத்தத்தை வடிக்கும் ஃபில்டரும் அப்படித்தான், எவ்வளவு மூடினாலும் சத்தத்தில் உயிர் இருக்கும்.

ஆனால் சுரம் தொடங்கும்போதெல்லாம் ஒரு ‘டிக்’. ஹெட்போனில் சன்னமாகத்தான் கேட்கும். தோட்டத்துக் கோயிலில் கூம்பு ஸ்பீக்கரில் போடும்போதுதான் அதன் முழு வேலையும் தெரியும். கூம்பு ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, மேல் சத்தம் மட்டும் பாயும். பாடுபட்டுச் செய்த பேஸ் காணாமல் போய், ‘டிக் டிக்’ மட்டும் செம்பனை மரங்களைத் தாண்டிக் கேட்கும். எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான்.

இப்படி வந்தால் எல்லோரும் முதலில் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள், பஃபரை (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் தயார் செய்யும் சத்தத் துண்டின் அளவு) 128-லிருந்து 512-க்கு ஏற்றிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் திணறினால் வரும் கரகரப்பு கண்ட நேரத்தில் வரும். இது சுரம் தவறாமல் வரும். சந்தேகம் இருந்தால் பாட்டைக் கோப்பாக ஏற்றுமதி செய்து கேளுங்கள். கோப்பிலும் ‘டிக்’ இருந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி.

அந்தக் கோப்பைப் பெரிதாக்கி, சுரம் தொடங்கும் இடத்தில் அலையைப் பாருங்கள். அமைதியாகப் போகும் கோடு ஒரே சாம்பிளில் (பதிவின் மிகச் சிறிய புள்ளி) செங்குத்தாக எகிறியிருக்கும். அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அட்டாக் (சத்தம் முழு உயரத்துக்கு ஏற எடுக்கும் நேரம்) 0 என்றால், அலை எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கேயே கதவு திறந்துவிடும். அப்படி ஒரு திடீர்த் தாவலில் மேல் அலைவரிசைகள் எல்லாம் கலந்திருக்கும், அதுதான் காதுக்கு ‘டிக்’. ரம்பப் பல் வடிவ சா அலையில் அதன் சொந்த எரிச்சல் இதை மறைத்துவிடும். வழவழப்பான சைன் அலை பேஸில் மறைக்க ஒன்றுமில்லை. 41 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு ஒரு சுற்று முடியவே ஏறக்குறைய 24 மில்லி செகண்ட் ஆகும், அதனால் 1 மில்லி செகண்ட் அட்டாக் அங்கே போதவே போதாது. 5-லிருந்து 10 வரை வைத்துப் பாருங்கள். ஃபேஸ் என்பது அலை தன் சுற்றில் நிற்கும் இடம். ஃபேஸ் ரீட்ரிகரை ஆன் செய்து அலையைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வைத்தால் பாதித் தொல்லை குறையும். ஒரே சுரத்தைப் பல குரலாக அடுக்கும் யூனிசன் போட்டால் ஒவ்வொரு குரலும் வெவ்வேறு ஃபேஸில் நிற்கும், அந்தப் பலன் போய்விடும்.

அப்புறம் மோனோ, அதாவது ஒரு நேரத்தில் ஒரே சுரம். முந்தைய சுரத்தின் வால் அடங்குவதற்குள் அடுத்த சுரத்தை அடித்தால், சில சின்த்கள் என்வலப்பைப் (சத்தம் ஏறி இறங்கும் வடிவம்) பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிட்டுத் தொடங்கும். அங்கேயும் தாவல்தான். லெகாட்டோ போட்டுச் சுரங்களைக் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படிய வாசித்தால் என்வலப் திரும்பத் தொடங்காது, ‘டிக்’கும் வராது. உருமிப் பாட்டுக்கு எப்படியும் அந்த வாசிப்புதான் பொருத்தம். நீண்டு பரவும் பேடு சத்தங்களில் பாலிஃபோனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை) 8 என்று இருந்து ரிலீஸும் (சாவியை விட்ட பின் சத்தம் அடங்கும் நேரம்) நீளமாக இருந்தால், ஒன்பதாவது சுரம் பழைய ஒன்றை நறுக்கிவிடும். பாலிஃபோனியைக் கூட்டுங்கள், இல்லை ரிலீஸைக் குறையுங்கள். இன்னொன்று, பேஸில் உரத்த சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸரை மெதுவான அட்டாக்கோடு போட்டால் ‘டிக்’ அதற்குச் சிக்காமல் தாண்டிப் போய்விடும், பின்னால் வரும் சத்தம் மட்டும் அமுங்கும். அதை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

எல்லா ‘டிக்’கும் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஹேமண்ட் என்ற பழைய மின் ஆர்கனில் சாவி அழுத்தும்போது வரும் கிளிக்கை அதைச் செய்தவர்கள் குறையாகத்தான் நினைத்தார்கள். வாசித்தவர்களுக்குப் பிடித்துப்போனது, இன்று அதன் மென்பொருள் நகல்கள் அந்தக் கிளிக்கை வேண்டுமென்றே சேர்க்கின்றன. தாளத்துக்கு அது தேவை. சாமி பாட்டுக்கு அடியில் ஓடும் பேஸுக்கு எதற்கு?

என் கோபம் வேறு இடத்தில். என் சின்த்தோடு தயாராக வரும் பேஸ் பிரீசெட்களில் முக்கால்வாசி அட்டாக் 0-வில் வருகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக மாற்ற ஒரு வழியும் இல்லை, ஒவ்வொன்றாகத் திறந்து திருத்திச் சேமிக்க வேண்டும். அதைச் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். அதுதான் அதன் குணம் என்று பதில் வந்தது. காசு கொடுத்து வாங்கியவனுக்குச் சொல்கிற பதிலா அது? இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்த்தில் ஆசிலேட்டருக்கு ரீட்ரிகர் இருக்கிறது. வைட்டல் என்ற இன்னொரு சின்த்தின் இலவசப் பதிப்பில் ஃபேஸையும் அதன் சிதறலையும் தனித்தனியாகத் திருப்ப முடியும்.

அதனால் தம்பியிடம் பாதி விலைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் வரப்போகிற திருவிழாப் பாட்டுக்கு இதே சின்த்தில்தான் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறேன், அந்த கிளைடுக்கு இன்னும் மாற்று கிடைக்கவில்லை. லெகாட்டோ ஆன், அட்டாக் 6 மில்லி செகண்ட்.