கான்சுல் டைப்ரைட்டர்: ஒரே அடியில் 12 படி எடுக்குமா?

செக் நகரமான பிர்னோவில் துப்பாக்கி செய்த ஸ்ப்ரோயோவ்கா ஆலைதான் கான்சுல் கையடக்க டைப்ரைட்டரையும் செய்தது. பழைய பொருள் விற்பவர்களிடம் இன்றும் கிடைக்கிறது. கடிதம் அடிக்க நல்ல மெஷின்தான், அதில் சந்தேகமில்லை. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் செய்ததுபோல, கம்யூனிஸ்ட் அரசு தடுத்த ஒரு தத்துவ நூலைக் கார்பன் தாள் வைத்துப் படியெடுக்க இது எப்படி என்பதே இங்கே கேள்வி.

செக் தத்துவஞானி யான் பட்டோச்காவின் எழுத்தை வைத்தே சோதிக்கலாம். 1907இல் பிறந்த இவர் தத்துவஞானி ஹுஸ்ஸர்லின் மாணவர். 1972இல் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டதும் வகுப்புகளை வீடுகளில் நடத்தினார். 1977 ஜனவரியில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், முன்னாள் அமைச்சர் யிர்ஷி ஹாயெக் இருவரோடு, மனித உரிமை கோரிய ‘சாசனம் 77’ இயக்கத்தின் சார்பில் பேசும் பொறுப்பை ஏற்றார்; நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பின் மார்ச் 13 அன்று இறந்தார். மாணவர்கள் அவரது கையெழுத்துப் பிரதிகளைக் காப்பாற்றி, 1989க்குள் 27 தொகுதிகளாக டைப் அடித்து முடித்தார்கள்.

சாதாரணத் தாளில் நாலைந்து படிக்கு மேல் எழுத்து தேறாது. சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள மெல்லிய தாள் வேண்டும். 12 தாள், இடையில் 11 கார்பன், மொத்தம் 23 அடுக்கு. மேல் விளிம்பை ஒரு மடித்த காகிதப் பட்டைக்குள் செருகி உருளையில் ஏற்றுங்கள். பாதி சுற்றியதும் பேப்பர் ரிலீஸ் லீவரை ஒரு முறை தளர்த்தி விடுங்கள். இதைத் தவறவிட்டால் உள்ளே இருக்கும் கார்பன் மடிந்து, நடுப் படிகளில் மரக்கிளை போலக் கறுப்புக் கோடு விழும்.

உருளை ரப்பர் வயதாகி இறுகியிருந்தால் மற்றவர்கள் குறை சொல்வார்கள். கார்பன் வேலைக்கு அது லாபம், அடியின் வேகம் கடைசித் தாள் வரை இறங்கும். ஆனால் ‘o’ எழுத்தும் முற்றுப்புள்ளியும் மேல் தாளை ஓட்டையாக்கும். அந்த இரண்டையும் மட்டும் மெதுவாகத் தட்டிப் பழக வேண்டும், மற்றதெல்லாம் ஓங்கித்தான். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லும்.

செக் விசைப்பலகையில் மேல் வரிசை முழுக்கக் குறியிட்ட எழுத்துகள், எண்ணுக்கு ஷிப்ட் பிடிக்க வேண்டும். அடிக்குறிப்பும் ஆண்டும் நிறைந்த தத்துவப் பக்கத்தில் இது உயிரை வாங்கும். அடிப்படிகளில் முதலில் மங்குவது எழுத்தின் தலைமேல் உள்ள குறிகள்தான். அவை போனால் சொல்லே மாறிவிடும். கிரேக்க எழுத்து விசைப்பலகையில் கிடையாது. இடம் விட்டு, பிறகு 12 படியிலும் கையால் எழுத வேண்டியதுதான். பிழை திருத்தவும் அதே பாடு: ஒவ்வொரு தாளின் பின்னும் அட்டை செருகித் தனித்தனியாக அழிக்க வேண்டும். ‘எக்ஸ்’ போட்டு அடித்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

எழுத்தாளர் லுட்விக் வட்சுலிக் நடத்திய பெட்லிட்ஸெ என்ற தலைமறைவு டைப் நூல் வரிசையின் படிகளில், மேலும் படியெடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். இது நூல் அல்ல, வெறும் கையெழுத்துப் பிரதி என்று சட்டத்துக்குக் காட்ட. குறும்புதான்.

வாங்கும்போது ஒற்றைத் தாளில் அடித்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கார்பனோடு 12 மெல்லிய தாள் கொண்டுபோய், நகராத குறி விசையையும் (தாளை நகர்த்தாமல் தலைமேல் குறியை மட்டும் அடிக்கும் விசை) சேர்த்து ஒரு வரி அடித்து, கடைசித் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். அதில் குறிகள் தெரியவில்லை என்றால், மேல் தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.