கூடாரமா, ஏணியா? பிரிட்டனின் ஜொள்ளுப் படங்களை எடை போட்டால்

1974இல் வெளியான பிரிட்டிஷ் படங்களில் உள்ளூர் வசூலில் முதலிடம் பிடித்தது, ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஜன்னல் துடைக்கப் போகும் ஓர் அசட்டுப் பையனின் கதை. பெயர் ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்’. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள், ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1969இல், பிரிட்டிஷ் தியேட்டர்களில் கல்லா கட்டிய படம் ‘கேரி ஆன் கேம்பிங்’. அதையும் அன்றைய விமர்சகர்கள் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஆனால் கேரி ஆன் என்ற வரிசைக் காமெடிப் படங்கள் பிற்பாடு டிவியில் திரும்பத் திரும்ப ஓடி, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற செல்லப் பண்டமாகிவிட்டன. கன்ஃபெஷன்ஸுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

இரண்டிலும் வழிவது ஒரே ஜொள்ளுதான். ஒன்றை மன்னித்துவிட்டு மற்றதை மூலையில் தள்ளியதற்கு ஒழுக்கத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் கூடாரம். பிளம்பர்கள் இரண்டு பேர், சிட் ஜேம்ஸும் பெர்னார்ட் பிரெஸ்லாவும். காதலிகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போய் நிர்வாண முகாம் பற்றிய ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். அந்த முகாமுக்கே விடுமுறைக்குப் போய்விட்டால் இந்தப் பெண்களும் வழிக்கு வந்துவிடுவார்கள் என்பது கணக்கு. போய்ச் சேர்ந்து, பணத்தையும் கட்டிய பிறகு தெரிகிறது, அது சாதாரண முகாம். எல்லோரும் கழுத்து வரை பட்டன் போட்டுத் திரிகிறார்கள். முகாம் முதலாளியாக வரும் பீட்டர் பட்டர்வொர்த் எதற்கெடுத்தாலும் ஒரு பவுண்டு கேட்டுக் கை நீட்டுகிறார். பக்கத்துக் கூடாரங்களில் பெண்கள் விடுதி மாணவிகள், அவர்களுக்குக் காவலாகக் கென்னத் வில்லியம்ஸும் ஹாட்டி ஜாக்கும். மூக்கை உயர்த்திக்கொண்டு வில்லியம்ஸ் சொல்லும் ஒவ்வொரு யோக்கியமான வாக்கியமும் வாயை விட்டு வெளியே வருவதற்குள் விரசமாகிவிடும்.

காலை உடற்பயிற்சியின்போது பார்பரா விண்ட்சரின் பிகினி மேல்சட்டை பறந்துபோகும் காட்சிதான் படத்தின் அடையாளம். அதை எடுத்த விதம் படத்தைவிடச் சுவாரசியம். கோடை விடுமுறைக் கதையை 1968 அக்டோபர், நவம்பரில், பைன்வுட் ஸ்டுடியோவின் பழத்தோட்டத்தில் எடுத்தார்கள். குளிர், மழை, கணுக்கால் வரை சேறு. சேற்றின்மேல் பச்சைப் பெயின்ட் அடித்துப் புல்லாக்கினார்கள். மேல்சட்டையில் தூண்டில் நரம்பைக் கட்டி, கேமராவுக்கு வெளியே ஓர் ஆள் சுண்டி இழுத்தார். இத்தனை பாடுபட்டு அந்தக் காட்சியில் என்ன தெரிகிறது? ஒன்றும் இல்லை. விண்ட்சரின் கை அதற்குள் மார்பை மூடிவிடுகிறது. சட்டை போய் விழுவது வில்லியம்ஸ் முகத்தில்.

கேரி ஆனின் சூத்திரமே அதுதான். ஆண்கள் ஏங்குவார்கள், ஒன்றும் கிடைக்காது. கடைசியில் மாணவிகள் பக்கத்து வயலில் கூத்தடிக்கும் ஹிப்பிகளோடு போய்விட, இந்த ரோமியோக்கள் அசடு வழிய நிற்பார்கள். அவர்களின் ஜொள்ளு நமக்குக் கேலிப்பொருள். படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ். பெரியவர்கள் துணையோடு குழந்தைகளும் போகலாம் என்பதால் மொத்தக் குடும்பமும் டிக்கெட் வாங்கியது. குழந்தைகள் சேற்றில் விழுவதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், பெரியவர்களுக்கு இரட்டை அர்த்தம் புரிந்திருக்கும்.

இனி ஏணி. டிமதி லீ என்ற பையனாக ராபின் ஆஸ்க்வித். அவனை ஜன்னல் துடைக்கும் தொழிலில் இறக்கிவிடும் அக்கா புருஷனாக ஆன்டனி பூத் (பின்னாளில் பிரதமர் டோனி பிளேருக்கு மாமனாரானவர்). போகிற வீடெல்லாம் வீட்டுக்காரிகள் இவனுக்காகவே காத்திருக்கிறார்கள். பையனுக்கோ ஒன்றும் தெரியாது. முதல் சில முயற்சிகள் கேவலமாகச் சொதப்புகின்றன. அதுவரைக்கும் சிரிக்கலாம். தரையெல்லாம் சோப்பு நுரை பொங்கி வழிய, சமையலறையில் வழுக்கி வழுக்கி நடக்கும் அந்தக் காட்சி பழைய ஊமைப்பட அடிதடிக் காமெடியின் வாரிசுதான். கை தேறியபின் சிக்கல். பையனுக்கு எல்லாம் கிடைத்துவிடுகிறது, கிடைத்தபின் சிரிக்க ஒன்றும் இல்லை. காட்சியை வேகமாக ஓட்டி, துள்ளல் இசையைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள்.

விமர்சகர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. இயக்குநர் வால் கெஸ்ட் சாதாரண ஆள் இல்லை. 1961இல் ‘தி டே தி எர்த் காட் ஃபயர்’ எடுத்து, திரைக்கதைக்காகப் பிரிட்டிஷ் சினிமாவின் பாஃப்டா விருதைப் பகிர்ந்துகொண்டவர். மூலக்கதையை டிமதி லீ என்ற பெயரிலேயே எழுதிய கிறிஸ்டோபர் வுட் பிற்பாடு ‘மூன்ரேக்கர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். கதாநாயகன் காதலிக்கும் போலீஸ்காரப் பெண்ணின் அப்பா அம்மாவாக ஜான் லெ மெஷரியரும் ஜோன் ஹிக்சனும் வருகிறார்கள். ஹிக்சன் பின்னாளில் டிவியில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்பிள். ஆஸ்க்வித்தும் அதற்கு முன்பே லிண்ட்சே ஆண்டர்சன், பசோலினி போன்ற பெரிய இயக்குநர்களின் படங்களில் தலைகாட்டியவர். இத்தனை கைகாரர்கள் சேர்ந்து இதையா செய்தார்கள் என்ற ஆற்றாமைதான் அந்த வசவுகளில் பாதி.

ஆனால் ஒரு விஷயத்தில் ஏணியின் பக்கம் நான் பேசுவேன். கேரி ஆனில் பெண்கள் இரண்டே வகை: துரத்தப்படும் இளசு, தடுக்கும் பூதம். ஹாட்டி ஜாக், ஜோன் சிம்ஸ் போன்ற அபாரமான நடிகைகளை அந்த இரண்டாவது பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். சம்பளத்திலும் அப்படியே. சிட் ஜேம்ஸுக்கும் வில்லியம்ஸுக்கும் படத்துக்கு 5,000 பவுண்டு, நடிகைகளுக்கு அதில் பாதி. கன்ஃபெஷன்ஸின் வீட்டுக்காரிகளோ ஆசையை வெளிப்படையாகச் சொல்லி, நினைத்ததை முடித்துக்கொள்கிறார்கள். பேந்தப் பேந்த விழிப்பவன் ஆண். இதைப் பெண் விடுதலை என்று சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் கேமரா யாருக்காக வேலை செய்கிறது என்பது தெளிவு. இருந்தாலும் 31 வயது விண்ட்சர் பள்ளிக்கூடப் பெண்ணாக வர, 55 வயது ஜேம்ஸ் அவரைப் பார்த்து எச்சில் விழுங்குவதை இன்று பார்க்கும்போது எனக்கு நெளிகிறது. ஏணிப் படத்தில் அந்த நெளிவு குறைவு.

இப்படிப்பட்ட படங்கள் எழுபதுகளில் வரிசைகட்டியதற்குக் காசுதான் காரணம். அமெரிக்க ஸ்டுடியோக்கள் அறுபதுகளின் கடைசியில் முதலீட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டன. வீட்டில் டிவி. தியேட்டருக்கு ஆள் வர, டிவியில் காட்ட முடியாத ஒன்று வேண்டும். 1970இல் ‘எக்ஸ்’ சான்றிதழின் வயது வரம்பு 16இலிருந்து 18 ஆனது, தணிக்கையில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அசல் நீலப்படத்துக்கோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில் புகுந்ததுதான் இந்தச் சரக்கு. போதாததற்கு ஈடி வரி என்று ஒன்று இருந்தது. டிக்கெட் பணத்தில் ஒரு பங்கை வசூலித்து, உள்நாட்டுப் படங்களுக்கு அவற்றின் வசூலுக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுப்பார்கள். பிரிட்டிஷ் சினிமாவை வளர்க்கக் கொண்டுவந்த ஏற்பாடு ஜன்னல் துடைக்கும் பையனையும் வளர்த்தது.

மூன்றாவதாக ஒரு படத்தைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு அநியாயமாகிவிடும்: 1975இல் வந்த ‘எஸ்கிமோ நெல்’. இயக்கியது மார்ட்டின் கேம்ப்பெல். ஆமாம், ‘கோல்டன்ஐ’, ‘கசீனோ ராயல்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படங்களை எடுத்த அதே கேம்ப்பெல். மூன்று இளைஞர்கள் ஒரு கவர்ச்சிப் படம் எடுக்க மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்தாளனுக்குப் பெண் வாசனையே தெரியாது, அவனுக்குப் பிடித்தது பெங்குவின்கள் மட்டும். பணம் போடுகிறவர்களில் ஒருவருக்குப் பச்சையாக வேண்டும், இன்னொருவருக்குக் குங்ஃபூ பாட்டுப்படம் வேண்டும், ஒழுக்கப் பிரச்சாரம் செய்யும் சீமாட்டிக்குச் சுத்தமான குடும்பப் படம் வேண்டும். தயாரிப்பாளர் காசோடு கம்பி நீட்டிவிட, பையன்கள் ஒரே கதையை எல்லாருக்கும் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கவேண்டிய நிலை. முடிவைச் சொல்ல மாட்டேன், சொன்னால் உங்களுக்கு மிச்சம் இருக்காது.

அந்தத் தொழிலையே கிழித்துத் தொங்கவிட்ட இந்தப் படத்தைத் தயாரித்தவர் ஸ்டான்லி லாங். மறு வருஷமே அவர் எடுத்தது ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் எ டாக்சி டிரைவர்’. ஏணிக்குப் பதில் டாக்சி, அவ்வளவுதான்.

‘கம் ப்ளே வித் மீ’ (1977) பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லண்டன் சோஹோவின் மூலான் தியேட்டரில் ஏறக்குறைய நான்கு வருஷம் ஓடியது. தயாரித்த டேவிட் சல்லிவன் தன் பத்திரிகைகளில் கவர்ச்சி நடிகை மேரி மில்லிங்டனைக் காட்டி ஆசைகாட்டியதுதான் அதன் பலம். உள்ளே இருந்தது பழைய மேடைக்கூத்து. படம் ஒரு சிரிப்புக்குக்கூடத் தேறாது.

கூடாரமும் ஏணியும் நேருக்கு நேர் மோதியது 1978இல். சிட் ஜேம்ஸ் 1976இல் சண்டர்லாண்ட் எம்பயர் மேடையிலேயே சரிந்து இறந்துபோயிருந்தார். தியேட்டர்களில் கன்ஃபெஷன்ஸ் வரிசை நான்கு படங்களை முடித்திருந்தது. நாமும் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம் என்று கேரி ஆன்காரர்களுக்குத் தோன்றியது. விளைவு ‘கேரி ஆன் இமானுவேல்’. பிரெஞ்சுத் தூதராகக் கென்னத் வில்லியம்ஸ், அடங்காத மனைவியாகச் சுசான் டேனியல், 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லாத ‘ஏஏ’ சான்றிதழ். பார்பரா விண்ட்சர் அந்தப் பக்கமே வரவில்லை. குழந்தைகளோடு வரும் கூட்டத்தைச் சான்றிதழே வாசலில் நிறுத்திவிட்டது, எக்ஸ் படம் பார்க்கிறவர்களுக்கோ இது உப்புச்சப்பில்லாத பண்டம். ஏக்கத்தை வைத்துப் பிழைத்த கூட்டம், ஏங்க ஒன்றுமில்லாத கதையில் திருதிருவென்று விழிக்கிறது. 1958இல் தொடங்கி முப்பது படங்கள் ஓடிய வண்டி அதோடு நின்றது. 1992இல் கொலம்பஸை வைத்து ஒருமுறை தள்ளிப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறவர்களுக்கு என் ஓட்டு ‘எஸ்கிமோ நெல்’லுக்கு. இரண்டு பார்ப்பதென்றால் கூடவே ‘கேம்பிங்’. வில்லியம்ஸின் மூக்குக்காகவும் அந்தப் பச்சைச் சேற்றுக்காகவும் பார்க்கலாம். ‘விண்டோ கிளீனரை’ முதல் நாற்பது நிமிஷம் பாருங்கள். பையன் கை தேறியதும் நிறுத்திவிடலாம்.